பழைய சிட்டியில பேடில்போர்டு டூர் புக் பண்ணப் போறீங்களா, இத படிச்சிட்டு பண்ணுங்க

ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய ஊரோட கோட்டைச் சுவர், கல் பாலம் எல்லாத்தையும் ஆத்துல இருந்தே பாக்கலாம்னு ஸ்டாண்ட் அப் பேடில்போர்டு (பலகை மேல நின்னுக்கிட்டே துடுப்பு போடறது) டூர் புக் பண்ணோம். அனுபவமுள்ள கைடு கூடவே வருவார், முதல் தடவை வர்றவங்களும் தாராளமா வரலாம்னு போட்டிருந்தாங்க, முழுப் பணமும் முன்னாடியே வாங்கிட்டாங்க.

அங்க போனா ஒரு சின்னப் பையன் நிக்கிறான், கைடு எங்கன்னு கேட்டா நான்தான்னு சொல்றான். எப்படி விழணும், விழுந்தா எப்படி ஏறணும், எந்த இடத்துல தண்ணி இழுக்கும், ஒன்னுமே சொல்லல. காத்து நிரப்புற போர்டுன்னா உள்ள காத்தழுத்தம் பொதுவா 12 - 15 பி.எஸ்.ஐ இருக்கணும், நான் ஏறி நின்னதும் என்னுது நடுவுல தொட்டில் மாதிரி வளையுது, சொன்னா அதெல்லாம் தாங்கும்ங்கறான்.

இதையெல்லாம்கூட விட்டுடலாம், லீஷ், அதாவது போர்டையும் ஆளையும் சேர்த்துக் கட்டுற கயிறு, அந்த விஷயத்ததான் என்னால விட முடியல. எல்லாருக்கும் கணுக்கால்ல மாட்டுற லீஷ் குடுத்தாங்க. அலையில, ஏரியில அது சரி. ஓடுற ஆத்துல, அதுவும் பாலத்தூணு, கட்டிப்போட்ட படகு, கயிறுன்னு இருக்கற இடத்துல போர்டு தூணுக்கு அந்தப் பக்கமும் ஆளு இந்தப் பக்கமும் போயிட்டா லீஷ் தூணைச் சுத்திக்கும், தண்ணி வேகத்துக்கு குனிஞ்சு கால்ல இருக்கறத அவுக்கவே முடியாது. இடுப்புல கட்டி ஒரே இழுப்புல கழட்டுற லீஷ்தான் ஆத்துக்கு போடணும்.

ரெண்டாவது பாலத்துல என் ஃப்ரெண்டுக்கு அப்படியே நடந்துச்சு. தலை உள்ள போகுது வெளிய வருது, நான் எதிர்த் தண்ணியில துடுப்பு போட்டுப் பாக்கறேன், ஒரு அடி நகர முடியல, அந்தப் பையனோ திரும்பிக்கூட பாக்காம முன்னாடி போயிட்டே இருக்கான். பக்கத்துல படகுல இருந்த ஒரு பெரியவர்தான் வந்து லீஷ அறுத்து விட்டார். அவர் மட்டும் இல்லன்னா, நெனச்சா இப்பவும் கை நடுங்குது.

2021 அக்டோபர்ல வேல்ஸ்ல ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊர்ல இதே மாதிரி ஒரு பேடில்போர்டு டூர்ல நாலு பேர் செத்துப் போனாங்க. மழையில ஆறு பெருகி ஓடுது, வழியில தடுப்பணை இருக்குன்னு வந்தவங்களுக்கு ஒழுங்கா சொல்லவே இல்ல. டூர் நடத்தின கம்பெனி ஓனருக்கு 2025ல பத்தரை வருஷம் ஜெயில் தண்டனை குடுத்தாங்க. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க, என்ன லீஷ் தருவீங்க, வழியில தடுப்பணை இருக்கா, மழைக்கப்புறம் ஆறு வேகமா ஓடினா டூர கேன்சல் பண்ணுவீங்களா, கைடு என்ன ட்ரெயினிங் முடிச்சிருக்கார்னு. பதில் சொல்ல மழுப்பினா போகாதீங்க.

ரீஃபண்ட் கேட்டோம், கெளம்பும்போது கையெழுத்து போட்டுக் குடுத்தீங்களே, அதுல எல்லாம் உங்க பொறுப்புன்னு இருக்குன்னு பதில் வந்துச்சு. ரெண்டு மெயில் போட்டாச்சு, அதுக்கப்புறம் சத்தமே இல்ல. நேத்து பாத்தேன், முதல் தடவை வர்றவங்களும் வரலாம்னு போட்டு இந்த வாரக் கடைசிக்கும் புக்கிங் எடுத்துட்டுதான் இருக்காங்க.