நாலு வருஷம் பழகிய பி.பி. மிஷினும் அந்த இரண்டாவது அமுக்கும்

கைப்பட்டைக்குக் காற்று போகும் குழாய் விரிசல் விட்டுவிட்டது. போன வாரம் புதுச்சேரி வரை போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "இந்த மிஷின் எப்படிம்மா, எங்க வீட்டுக்காரருக்கும் இதையே வாங்கவா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

நாலு வருஷமாக மஞ்சக்குப்பம் வீட்டில் அம்மாவுக்குக் காலையும் ராத்திரியும் இதில்தான் பார்க்கிறேன். டாக்டர் பார்க்கும் அளவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வந்ததில்லை. பேட்டரியும் நன்றாக உழைக்கிறது.

என் கோபமெல்லாம் அந்த இரண்டாவது அமுக்கில்தான். அம்மா விரலை அசைத்தாலோ, "அடுப்ப அணைச்சியா?" என்று வாய் திறந்தாலோ போச்சு. இறங்கிக்கொண்டிருந்த காற்றை நிறுத்தி மறுபடி ஏற்றும், முதல் முறையைவிட இறுக்கமாக. 78 வயதுக் கை. "கழட்டு, கழட்டு" என்பார்.

வலியோடு போனால் பரவாயில்லை. பட்டை இறுகும்போது முதலில் அடைபடுவது ரத்தம் திரும்பிப் போகும் சிரை, அப்புறம்தான் ரத்தம் கொண்டுவரும் தமனி. வந்த ரத்தம் திரும்ப வழியில்லாமல் கை கருஞ்சிவப்பாகி, புறங்கைச் சிரை புடைக்கும். தமனியும் அடைபட்டால் கீழே உள்ள தசைக்கு இருக்கிற ஆக்சிஜன்தான். அங்கே சேரும் அடினோசின், பொட்டாசியம், கரியமில வாயு எல்லாம் நுண்தமனிகளைத் தளர்த்திவிடும். அதனால் பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் வழக்கத்தைவிட அதிகமாகப் பாய்கிறது. அடைத்த நேரம் கூடக் கூட அந்தப் பாய்ச்சலும் நீளும். கை பழைய நிலைக்குத் திரும்பத்தான் அடுத்த அளவுக்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் விடச் சொல்கிறார்கள். இந்த மிஷின் அரை நொடி கூட விடுவதில்லை.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை ஒருநாள் அதே கை விரலில் மாட்டிப் பார்த்தேன். பட்டை ஏற ஏற அதன் திரையில் ஓடும் நாடி அலை சிறுத்து, வெறும் கோடாகப் படுத்துவிட்டது. காற்று இறங்கியதும் சின்னதாக ஒரு மேடு, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் அலை அலையாக. நகத்தடியில் இளஞ்சிவப்பு ஊறி வந்தது. அம்மா உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்து, "சூடா இருக்கா பாரு" என்றார். இந்த மிஷின் எனக்குக் கொடுத்த ஒரே சந்தோஷம் அதுதான், நிஜமாகவே பெரிய சந்தோஷம்.

ஆனால் போன மழைக்காலத்தில், இரண்டு முறை அமுக்கிய ஒரு நாள், பட்டைக்குக் கீழே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். டெங்கு சந்தேகத்தில் செய்யும் சோதனை ஒன்று உண்டு: மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவில் பட்டையை 5 நிமிடம் நிறுத்தி, தோலில் வரும் புள்ளிகளை எண்ணுவார்கள். அது ஞாபகம் வந்து பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். காய்ச்சல் எதுவும் இல்லை, வயதான தோலில் நுண்நாளங்கள் மெலிந்திருக்கின்றன, திரும்பத் திரும்ப அமுக்க விடாதீர்கள் என்றார். அன்றிலிருந்து என் பெருவிரல் நிறுத்தும் பொத்தான் மேலேயே இருக்கிறது.

அளவு சரி, உழைப்பு சரி, குழாய் மாற்றிய செலவும் அதிகமில்லை. இருந்தும் அக்காவிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். நேற்று ராத்திரியும் இரண்டு முறை அமுக்கிவிட்டது, நான் பொத்தானை அழுத்துவதற்குள்.