நோயாளிக்குத் தரும் குப்பி: காற்றில் உலரும் களிமண்ணா, பாலிமர் களிமண்ணா?

உடல்நலம் குன்றியவரைப் பார்க்கச் செல்லும்போது, ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலையைக் களிமண்ணில் பதித்த சிறு கண்ணாடிக் குப்பியைக் கொடுக்க விரும்பும் காரைக்குடித் தோழிகள், எந்தக் களிமண்ணை வாங்குவது என்று தயங்குகிறார்கள்.

செலவு: காற்றில் உலர்வது மலிவு. பிளாஸ்டிக் வகையான பாலிமருக்கு விலையும் கூடுதல், சூட்டில் இறுக்க ஓவனும் வேண்டும்.

நேரம்: முன்னது உலர 1 முதல் 3 நாள்கள் ஆகும். பின்னது ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். ஆனால் கண்ணாடியை ஓவனுடனேயே சூடேற்றி, உள்ளேயே ஆறவிட வேண்டும்.

உறுதி: வேறுபாடு இங்கேதான் பெரிது. நீர் வற்றும்போது முதல் வகை சுருங்குகிறது, உள்ளிருக்கும் கண்ணாடியோ சுருங்குவதில்லை. அவசரப்பட்டு முற்றத்து வெயிலில் நான் காயவைத்த குப்பியில், கழுத்தைச் சுற்றிய இதழ்களுக்கிடையே மறுநாளே மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. நிழலில், மெல்லிய பூச்சாக உலர்த்தியதில் அந்தத் தொல்லை குறைந்தது. பாலிமரில் நீர் இல்லாததால் சுருக்கம் மிகக் குறைவு.

துடைத்தல்: பாலிமர் ஈரத்துணியைத் தாங்கும். மற்றது வார்னிஷ் இல்லாவிடில் ஊறிவிடும். வார்னிஷின் வாடையோ மூச்சுத்திணறல் உள்ளவருக்கு ஆகாது.

எனவே, அடிக்கடி துடைக்கும் மருத்துவமனை மேசைக்குப் பாலிமரையே பரிந்துரைப்பேன். வீட்டில் ஓய்வெடுப்பவருக்கு, அதிலும் பேரப்பிள்ளைகளும் கூடவே உருட்டிச் செய்வதானால், காற்றில் உலர்வதே போதும்; வார்னிஷை மட்டும் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே பூசிவிடுங்கள்.