ஹர்டி-கர்டிக்கு மூன்று வகை கேப்போ: எதை எந்தத் தந்திக்குப் போடலாம்?

கிதார் கேப்போவை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சக்கரத்தைச் சுற்றித் தந்திகளை ஒலிக்கவைக்கும் ஹர்டி-கர்டியில் கேப்போ (தந்தியைக் குறுக்கிச் சுருதியை ஏற்றும் கருவி) ஒரே ஒரு தந்தியைத்தான் பிடிக்கும். அதை மெலடி தந்தியில் போட்டுப் பயனில்லை: சாவியின் டேன்ஜென்ட் (சாவியோடு நகரும் சிறு கட்டை) தந்தியைத் தொடும் இடம் மாறுவதில்லை என்பதால், திறந்த ஸ்வரம் மட்டும் ஏறும், சாவிகள் பழைய ஸ்வரங்களையே கொடுக்கும். கேப்போவுக்கு வேலை இருப்பது ட்ரோம்பெட்டிலும் (ரீங்கரிக்கும் தந்தி), ஒரே ஸ்வரத்தை ஓயாமல் ஒலிக்கும் மூஷ், பூர்தோன் ஆகிய சுருதித் தந்திகளிலும்.

ஜி/சி சுருதி முறையில் ட்ரோம்பெட் சி, மூஷ் ஜி. ஜி-யை ஆதாரமாக வைத்து வாசிக்கும்போது அந்த சி இடிக்கும். ட்ரோம்பெட்டை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி டி ஆக்கினால் அது ஜி-க்குப் பஞ்சமமாகிவிடும். பிருடையை (தந்தியை முறுக்கும் முளை) தொடாமலே இரண்டு சுருதி கைக்கு வந்துவிடுகிறது. சிறிய பூர்தோனின் சி-யையும் டி ஆக்கி, மூஷை விலக்கி வைத்தால் மூன்றாவதும் உண்டு.

ஆணி வகை மிக எளியது. பக்கத்தில் அடித்த சிறு ஆணியின் பின்னால் தந்தியை விரலால் இழுத்து மாட்ட வேண்டும். அதிர்வதற்கு இதில் எதுவுமில்லை. ஆனால் அடித்த இடம் அடித்ததுதான், மாட்டுவதற்குச் சக்கரத்தையும் நிறுத்த வேண்டும். சறுக்கு வகையை நகர்த்திச் சுருதி திருத்தலாம். பிடி தளர்ந்தால் வாசிக்கும்போதே வழுக்கும். அடிக்கடி தந்தியின் கனத்தை மாற்றுபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவையில்லை. நெம்புகோல் வகைதான் ட்ரோம்பெட்டுக்குச் சரி. ஒரு விரல் தட்டு போதும். பூர்தோனுக்கு ஆணியே தாராளம்.

பொருத்தும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மேருவிலிருந்து (பிருடைப் பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) குதிரை (மறுமுனையில் தந்தியைத் தாங்கும் கட்டை) வரையுள்ள நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, மேருவின் பக்கமிருந்து அளக்க வேண்டும். 350 மி.மீ. தந்திக்கு அது 38.9 மி.மீ. எல்லா அரை ஸ்வரங்களையும் சமமாகப் பிரிக்கும் சம இடைவெளிக் கணக்கில் 38.2 வரும். வித்தியாசம் 4 சென்ட்கூட (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) இல்லை, ஆனாலும் ஓயாமல் ஒலிக்கும் மூஷின் ஜி-யோடு சேரும்போது காது அதைக் கண்டுபிடித்துவிடும். சி-யும் டி-யும் அந்த ஜி-யோடு அலையடிக்காமல் சேர 9:8 விகிதம்தான் வேண்டும். கேப்போ தந்தியை இழுப்பதால் சுருதி கொஞ்சம் கூடவே ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதலில் கேப்போ இல்லாமல் சி-யைச் சேர்த்து, பிறகு கேப்போவைப் போட்டு டி-யைக் கேளுங்கள். டி-யின் சுருதி கூடுதலாக இருந்தால் கேப்போவை மேருவை நோக்கி நகர்த்த வேண்டும். துளை போடுவது அதற்குப் பிறகுதான்.

தந்தியை எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதும் முக்கியம். சக்கரத்தை நோக்கி அழுத்தினால் ஒலி கரகரக்கும், விலக்கினால் மெலிந்து விட்டுவிட்டு வரும். சக்கரத்தின் பரப்பை ஒட்டி, பக்கவாட்டில்தான் நகர வேண்டும்.

ட்ரோம்பெட்டில் கேப்போ விழுந்ததும் ஷியானின் (ட்ரோம்பெட்டைத் தாங்கித் துடித்து ரீங்கரிக்கும் அசையும் குதிரை) துடிப்பும் மாறும். தந்தியின் நீளமும் இழுவிசையும் மாறிவிடுவதே காரணம். ட்ரோம்பெட்டை இழுத்துப் பிடிக்கும் டிரான் நூலின் சிறு பிருடையை மயிரிழை அளவு திருப்பினால் சரியாகும். இரண்டு நிலைக்கும் ஒரே அமைப்பு ஒத்துவரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தந்தி படும் முனை எலும்பாகவோ கருங்காலியாகவோ, உருட்டி மெருகேற்றிய பித்தளையாகவோ இருக்கட்டும். கூரான விளிம்பு குடல் தந்தியை அறுத்துவிடும். கேப்போவை எடுத்த பிறகும் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் தந்தி மேருப் பள்ளத்தில் சிக்கியிருக்கிறது. பென்சில் கரி தடவினால் போதும். நெம்புகோலின் திருகு தளர்ந்தால் வரும் ரீங்காரத்தை ஷியானின் ஒலி என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். ட்ரோம்பெட்டைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிட்டுச் சுற்றுங்கள். அப்போதும் ரீங்கரித்தால் திருப்புளியை எடுக்க வேண்டியதுதான்.