அம்மா வந்தாள்: வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் இரவல் எடுத்து, வேலைக்குப் போகிற எம்ஆர்டி ரயில் பயணங்களிலேயே தி. ஜானகிராமனின் இந்த 1966 நாவலை முடித்தேன். வேதம் படித்துவிட்டு வீடு திரும்பும் அப்புவுக்கு அம்மா அலங்காரத்துக்கு இன்னொருவரோடு உள்ள உறவு தெரியவருகிறது. அப்பா தண்டபாணிக்கோ அது எப்போதோ தெரியும்! ரகசியத்தைவிட, தெரிந்துகொண்டே அதே வீட்டில் அவர் வாழ்கிற மௌனம்தான் என்னை உலுக்கியது. அலங்காரத்தை ஆசிரியர் எங்கும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. மகனை வேதம் படிக்க அனுப்பியதே அவளுக்கு ஒரு பரிகாரம்தான் என்று புரிந்த பக்கத்தில் மனசு கனத்துவிட்டது. அப்புவை நேசிக்கும் இளம் விதவை இந்து பேசும் இடங்களில் அவ்வளவு துணிச்சல். பாடசாலைப் பகுதி கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும்; சரி, பொறுத்துப் படியுங்கள். அக்காவையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் அலங்காரத்தின் பக்கமா, தண்டபாணியின் பக்கமா என்று கேட்கவேண்டும்.