‘பழைய ஸ்டொக் ஒரிஜினல் லெதர்’ என்றால் உறையைப் புரட்டிப் பாருங்கள்

மொரிஸ் மைனர் வைத்திருக்கும் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து நண்பர்கள் குஷன் வேலைக்குக் காரை விடும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்கு 185,000 ரூபாய் போனது. போனது அது மட்டுமல்ல.

எங்களுடையது 1957ஆம் ஆண்டு மைனர் 1000 டீலக்ஸ். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஊருக்குக் கிளம்பிய தோட்டத்துத் துரை (மேலாளர்), தன் டிரைவராக இருந்த என் தாத்தாவிடமே விற்றுவிட்டுப் போன கார். சீட்டெல்லாம் சிவப்புத் தோல். தையலோரம் வெடித்து, உட்கார்ந்தால் முறுக்குக் கடிப்பதுபோல் சத்தம் வரும்.

கண்டியில் ஒரு கடைக்காரர் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது உளுத்துப்போனது. இங்கிலாந்தில் இருந்து வந்த பழைய ஸ்டொக் ஒரு செட் என்னிடம் இருக்கிறது. ஒரிஜினல். முழுக்க முழுக்கத் தோல்” என்றார். கழற்றிய உறைகள் குப்பைக்குத்தானே என்றார். நானும் தலையாட்டினேன்.

‘முழுக்க முழுக்கத் தோல்’ என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து மொரிஸ் கம்பனி அவ்வளவு தாராளமானதல்ல. உடம்பு படுகிற இடத்துக்கு மட்டும் தோல். பக்கங்களுக்கும் சீட்டின் பின்புறத்துக்கும் ரெக்சின் வகை.

இரண்டு மாதம் கழித்து ஹட்டன் மழை கதவிடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. காயவைக்கலாம் என்று பின் சீட்டைக் கழற்றி உறையின் ஓரத்தைப் புரட்டினேன். மடிப்புகளுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்த பருத்தித் துணி அறுபது வருடப் பழுப்பில் இருந்தது. அதைத் தொட்ட விரலிலும் பழுப்பு. முகர்ந்தேன். தேயிலைச் சாயம்! இருபது வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவனையே தேயிலையால் ஏமாற்றியிருக்கிறார்கள்.

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. தோலில் துளைகள் ஓரிடம்போல் மறு இடம் இராது. இதிலோ ஒரே குழி சாணுக்கு ஒருமுறை அச்சுப் பிசகாமல் திரும்ப வந்தது. பின்புறம் நார்நாராக இருக்க வேண்டும். இதில் பனியன் துணிபோல் பின்னல்.   ஒரு துணுக்கை வெட்டி நெருப்பில் காட்டினேன். தோலானால் மயிர் கருகும் நாற்றம் வரும். இது உருகிச் சொட்டியது.

செயற்கைத் தோல் போடுவது குற்றமில்லை. அப்படிச் சொல்லி, அதற்குரிய விலையை வாங்கியிருந்தால் நானே சம்மதித்திருப்பேன். தொலைபேசியில் கேட்டதற்கு, “ஒரிஜினல் மாதிரி என்றுதானே சொன்னேன், தம்பி” என்றார். பில்லில் இருப்பது ‘சீட் கவர் வேலை’ என்ற மூன்று சொற்கள். பொருள் இன்னது என்று எழுதி வாங்காதது என் மடத்தனம். தாத்தா உட்கார்ந்த உறைகளைக் கேட்டேன். குப்பை வண்டியில் போய்விட்டதாம். வேறொரு காரில்தான் போயிருக்கும் என்பது என் சந்தேகம். உங்கள் பழைய உறை கந்தலானாலும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பின் சீட்டுக்கு அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு சாண் சிவப்புத் தோல் மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ஹட்டனுக்கு வந்தால் காட்டுகிறேன்.