ஃபேக்டரி கைமாறினால் எழுத்தில் வாங்குங்கள்: எனக்குப் போனது 2,80,800 ரூபாய்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்கள், முக்கியமாக உங்கள் ஃபேக்டரியை விற்கப்போவதாகப் பேச்சு அடிபட்டால், இதை முழுக்கப் படியுங்கள். எனக்கு வரவேண்டிய 2,80,800 ரூபாயைப் பழைய முதலாளியும் புது முதலாளியும் சேர்ந்து இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். பெயர் போட மாட்டேன். விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிற தனியார் ஃபேக்டரி, அவ்வளவு போதும்.

2006-இல் தூள் தரம் பிரிக்கிற அறையில் சேர்ந்தேன். 2023-இல் ஃபேக்டரி கைமாறியது. அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரையும் பேக்கிங் அறையில் கூட்டினார்கள். ஆளுக்கு ரெண்டு வர்க்கி, டீ. பழைய ஓனர் புது ஓனரின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார். "போர்டுதான் மாறுது, வேலையும் சர்வீஸும் அப்படியே தொடரும். யாருக்கும் ஒரு நாள் சர்வீஸ்கூடக் குறையாது, நான் பொறுப்பு" என்றார் புதியவர். பழையவர் என்னைக் காட்டி, "இவர் பதினேழு வருஷ ஆள், தூளைத் தொட்டே கிரேடு சொல்லிடுவார்" என்று அறிமுகம் வேறு செய்தார். பதினேழு வருஷம் என்பது அவர் வாயாலேயே வந்தது. அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். அப்புறம் நம்பாமல் என்ன செய்வது?

மறுநாள் ஆபீஸில் இங்கிலீஷில் அடித்த தாள் ஒன்றை நீட்டினார்கள். "பி.எஃப். மாத்தறதுக்கு, சீக்கிரம் போடுங்க, ஆடிட்டர் கீழே போகணும்" என்றார் கணக்கர். அது புது நியமனக் கடிதம் என்று இப்போதுதான் தெரிகிறது. வேலையில் சேர்ந்த நாள் என்கிற இடத்தில் ஃபேக்டரி கைமாறிய தேதி. எனக்கும் அதே தேதி, எனக்குப் பத்து வருஷம் பின்னால் வந்த பையனுக்கும் அதே தேதி.

2025 அக்டோபரில் நிறம் பார்த்துத் தூள் பிரிக்கிற மெஷினை இறக்கினார்கள். எங்கள் அறையில் என்னையும் சேர்த்து மூன்று பேருக்கு வேலை இல்லை என்றார்கள். கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். கேட்டால், "எல்லாருக்கும் ஒரே தேதிதானே" என்கிறார் மேனேஜர். அந்தத் தாள் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

என் நாள் சம்பளம் 520 ரூபாய். ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு முழுதாக முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், அதாவது எனக்கு வருஷத்துக்கு 7,800. நோட்டீஸ் சம்பளம் கொடுத்தார்கள். இழப்பீடு என்று கொடுத்தது இரண்டே வருஷத்துக்கு, 15,600. மீதிப் பதினேழு வருஷத்துக்கு 1,32,600 எங்கே? கிராஜுவிட்டியும் (வேலையை விட்டுப் போகும்போது தருகிற பணிக்கொடை) அதே 15 நாள் கணக்குதான், பத்தொன்பது வருஷத்துக்கு 1,48,200. அதில் ஒரு பைசா இல்லை. "அஞ்சு வருஷம் முடியலையே" என்கிறார்கள். சேர்த்தால் 2,80,800. மகளின் நர்சிங் படிப்புக்கு என்று நான் கணக்குப் போட்டு வைத்த பணம் இது.

வவுச்சரில் 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்று அடித்திருந்தார்கள். 'மீதிப் பாக்கி வர வேண்டும்' என்று கீழே எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். கணக்கர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

பழைய ஓனருக்குப் போன் போட்டால், "வித்தது வித்தாச்சுப்பா, இனி எல்லாம் அவர்தான்." புது ஓனரிடம் போனால், "நான் வாங்கினது கட்டடமும் மெஷினும், உன் பழைய கணக்கை இல்லை." மேனேஜரைக் கேட்டால் ஆடிட்டர் வரட்டும் என்பார். ஆடிட்டர் கோயம்புத்தூரில் இருக்கிறார், மழை என்றால் மலை ஏற மாட்டார். இப்போது பழையவர் என் நம்பரை எடுப்பதே இல்லை. தோளில் கைபோட்டு நின்ற ரெண்டு பேருக்கும் இன்றைக்கு ஒருவரை ஒருவர் தெரியாதாம்.

தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். தொழில் தகராறு சட்டம், 1947, பிரிவு 25எஃப்எஃப். நிறுவனம் கைமாறினால், ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு, ஆட்குறைப்பு செய்ததுபோலவே கணக்குப் போட்டுப் பழைய முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தப்ப வேண்டுமானால் மூன்று விஷயம் வேண்டும்: வேலை இடையில் அறுபடக் கூடாது, புது நிபந்தனைகள் பழையதைவிடக் குறையக் கூடாது, பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு புதியவர் மேல் இருக்க வேண்டும். ஆக ரெண்டு பேரில் ஒருவர் கொடுத்தே தீர வேண்டும். ரெண்டு பேரும் கைவிரிக்க அந்தப் பிரிவில் இடமே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது, அதிலும் இந்த விதி இருக்கிறது. என்னை நிறுத்தியது அதற்கு முன்னால், அதனால் பழைய சட்டப்படிதான் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கைமாறுகிற அன்றைக்கே, உங்கள் முதல் வேலை நாளும் பழைய சர்வீஸ் செல்லும் என்பதும் புது ஓனர் கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும். தர மறுத்தால் பழையவரிடம் அப்போதே இழப்பீட்டைக் கேளுங்கள். எந்தத் தாளையும் போட்டோ எடுத்து, இங்கிலீஷ் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'ராஜினாமா' என்று எழுதச் சொன்னால் எழுதவே எழுதாதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கையும், பி.எஃப். இணையதளத்தில் இருக்கிற சர்வீஸ் விவரத்தையும் உடனே டவுன்லோடு செய்து வையுங்கள். என் சர்வீஸ் விவரத்தில் பழைய ஃபேக்டரியை விட்ட தேதிக்கு மறுநாளே புதியதில் சேர்ந்ததாக இருக்கிறது, சர்வீஸ் அறுபடவில்லை என்பதற்கு இப்போது அதுதான் என் கையில் உள்ள ஆதாரம். மனு கொடுக்கக் கால வரம்பு உண்டு, "பார்க்கலாம்" என்று அவர்கள் சொல்வதை நம்பி இழுக்காதீர்கள்.

எங்கள் ஃபேக்டரியில் இன்னும் வேலையில் இருக்கிற பழைய ஆட்களுக்கு: உங்கள் தாளிலும் அதே தேதிதான் போட்டிருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.