யூபிஐ சவுண்ட்பாக்ஸ்: சான்று யார் கையில்?

கல்லா ஓரத்தில் இருக்கும் இந்தப் பெட்டிக்கு வேலை ஒன்றுதான். பணம் வந்ததும் தொகையை உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே ஸ்பீக்கர், பேட்டரி, தனி சிம், அவ்வளவே. 2016ல் யூபிஐ வந்தபின், பரோட்டா போடுபவர் மாவுக் கையோடு எஸ்எம்எஸ் தேட வேண்டியிருந்தது. இல்லையென்றால் வாடிக்கையாளர் நீட்டும் திரையை நம்ப வேண்டும். பச்சை டிக்கைப் போலியாகக் காட்டும் செயலிகளும் உண்டு. "இன்னும் வரலையே" என்று முகத்துக்கு நேரே சொல்வதும் சங்கடம். பெட்டி பேசினால் இருவர் காதிலும் விழும். யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் 2018ல் வந்த பேபே செயலியும் பணம் கட்டியதும் ஒலி எழுப்பும். ஆனால் ஒலிப்பது வாடிக்கையாளரின் போன். சொல்வது செயலியின் பெயர், தொகை அல்ல. அதை அப்படியே நம் சந்தைக் கடைக்குக் கொண்டுவந்தால் எடுபடாது. சான்று மறுபடியும் பணம் கட்டுபவர் கைக்கே போய்விடும். கடைக்காரர் பக்கம் தொகையைச் சொல்லும் சீனத்து அலிபே செயலியின் அறிவிப்புதான் நம் பெட்டிக்கு நெருங்கிய உறவு.

பெரிய குறை, பெட்டி பெயரைச் சொல்வதில்லை. மாலை நெரிசலில் இருவர் ஆளுக்கு 40 ரூபாய் அனுப்பி, ஒரு அறிவிப்பு மட்டும் வந்தால் யாருடையது என்று தெரியாது. அப்போது உங்கள் போனில் கடைக்காரர்களுக்கான வணிகர் செயலியைத் திறந்து நேரம், பெயர், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து கடைக்கு வராமல் போயிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைச் சொன்னாலே பாதிச் சண்டை அடங்கும்.

பெட்டி மௌனமாக இருப்பதற்கு அடிக்கடி காரணம், அதனுடன் இணைக்காத வேறொரு க்யூஆர் அட்டையும் மேசையில் இருப்பது. அதை எடுத்துவிடுங்கள். தகரக் கூரைக்கடியில் சிக்னல் திணறும். வாசல் பக்கம் வையுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, கடை இரைச்சலில் 115, 150 இரண்டும் பிரித்துக் கேட்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கடையிலும் கிளினிக்கிலும் ஒலியைக் குறையுங்கள். ஒருவர் எவ்வளவு செலவழித்தார் என்று வரிசைக்கே தெரிய வேண்டாம்.

மாத வாடகை தானாகப் பிடிக்கப்படும் என்பதால், ஒப்பந்தத்தை எப்படி ரத்து செய்வது என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கைவேலை ஓயாத கடைக்கு அந்த வாடகை தகும். மணிக்கு இரண்டு பில் போடும் கடைக்கு வணிகர் செயலியின் குரல் அறிவிப்பே போதும்.